அளவுகோலை அளந்தவர்கள்

கல்லூரிகளின் மின்னணுவியல் ஆய்வுக்கூடங்களில் ஆசிலாஸ்கோப் என்றொரு கருவி இருக்கும். தமிழில் அதனை அலைவுகாட்டி என்கிறோம். கண்ணுக்குப் புலப்படாத மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கங்களைக் கட்டமிட்ட திரையில் ஒளிக்கோடாக வரைந்து காட்டுவது அதன் வேலை. தமிழ் பயின்ற நம் போன்றோர் அதனை அணுகினால், திரையில் நெளியும் கோட்டைவிடக் கருவியின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் சிறு தாளே முதலில் கண்ணில் படும். எழுத்தைத் தேடிப் பழகிய கண் அல்லவா! முறையாகப் பேணப்படும் கருவியாயின் அத்தாளில் இரண்டு தேதிகள் இருக்கும். இன்ன நாளில் இதன் அளவு சரிபார்க்கப்பட்டது. இன்ன நாளுக்குள் மறுபடியும் சரிபார்க்கப்பட வேண்டும். அருகே, சரிபார்த்தவரின் சுருக்கொப்பம்.

அந்தச் சிறு தாள் சொல்லும் செய்தி பெரிது. அளக்கும் கருவியின் வாக்கு என்றென்றைக்கும் உரியதன்று; இன்ன நாள் வரையில்தான் அதனை நம்பலாம் என்பதே அச்செய்தி. அப்படியாயின் இக்கருவியைச் சரிபார்த்தது எது? அதனைவிடத் துல்லியமான வேறொரு கருவி. அதனைச் சரிபார்த்தது? அதற்கும் மேலானதொன்று. இவ்வாறு படிப்படியாக ஏறிச் செல்லும் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். பெரும்பாலும் அவருக்குச் சுருக்கொப்பம் உண்டு; வரலாற்றில் பெயர் இல்லை. அச்சங்கிலியின் சில கண்ணிகள் தஞ்சையிலும் தாமிரபரணிக் கரையிலும் பொதிகை உச்சியிலும் வார்க்கப்பட்டவை. அவற்றைத் தொட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் தொழிலைச் சற்றுத் தெரிந்துகொள்வோம். பெரும்பாலான அலைவுகாட்டிகளின் திரையில் நெடுக்கில் எட்டும் குறுக்கில் பத்துமாகக் கட்டங்கள் உண்டு. ஒரு கட்டம் உயர்ந்தால் ஒரு வோல்ட் என்று குமிழ் சொல்கிறது என்று கொள்வோம். குமிழின் சொல்லுக்குப் பின்னால் இருப்பவை மின்தடைகளும் மின்தேக்கிகளும். அவை வெப்பத்தில் மாறும். ஆண்டுகள் செல்லச் செல்லவும் மாறும். நாளடைவில் ஒரு கட்டம் என்பது ஒரு வோல்ட்டாக இராமல் ஒன்றேகாலே வீசம் ஆகிவிட்டாலும் திரையில் கோடு முன்போலவே அழகாகத்தான் தெரியும். பொய் சொல்லும் கருவியின் முகத்தில் பொய் தெரிவதில்லை.

ஆகவே அளவு முன்கூட்டியே தெரிந்த ஒரு மின்னழுத்தத்தைக் கருவிக்குள் செலுத்தி, அது என்ன காட்டுகிறது என்று பார்ப்பார்கள். சீரான இடைவெளியில் துடிக்கும் காலக்குறிகளைச் செலுத்தி, குறுக்குக் கட்டங்களோடு அவை பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். ஒரு மின்துடிப்பு எத்தனை விரைவாக மேலெழுந்தாலும் கருவியால் அதனைப் பின்தொடர முடிகிறதா என்பதும் சோதிக்கப்படும். நூறு மெகாஹெர்ட்ஸ் கருவியாயின் ஏறத்தாழ மூன்றரை நானோ நொடிக்குள் எழுந்து நிற்க வேண்டும். ஒரு நொடியை நூறு கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறு நானோ நொடி. சரிபார்க்கும் கருவி சரிபார்க்கப்படும் கருவியைவிடக் குறைந்தது நான்கு மடங்கு துல்லியமாக இருக்க வேண்டும் என்பது இத்தொழிலின் நெடுநாள் வழக்கம்.

இங்கே மூன்று செயல்களைப் பிரித்தறிய வேண்டும். ஒப்பிட்டுப் பார்த்து வேறுபாட்டை எழுதிவைப்பது ஒன்று. வேறுபாடு குறையும்படி உள்ளே திருகித் திருத்துவது இரண்டாவது. உடைந்ததை, எரிந்துபோனதை மாற்றிப் பழுதுபார்ப்பது மூன்றாவது. கலைச்சொல்லாக்கத்தில் நாம் அளவுத்திருத்தம் என்று பெயரிட்டது உண்மையில் முதற்செயலையே குறிக்கும். திருத்தம் என்ற சொல் அங்கே சற்று அவசரப்பட்டுவிட்டது. இத்தொழிலின் உயிர்நிலை திருத்துவதில் இல்லை, ஒப்பிடுவதில் இருக்கிறது.

ஒப்பிடுதலுக்குரிய தமிழ்ச் சொல்லைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளிலேயே அது இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அக்கோயிலுக்கு நெல் அளக்கப்பட்ட மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பெயர். கல்வெட்டு அப்பெயரைச் சொல்வதோடு நின்றுவிடுவதில்லை; ஆடவல்லான் என்னும் அம்மரக்கால் இராஜகேசரி என்னும் மரக்காலோடு ஒக்கும் என்பதையும் சேர்த்தே வெட்டிவைத்திருக்கிறது. கோயிலின் அளவுக்கு அரசின் அளவு சான்று. பொன்னும் மணியும் நிறுப்பதற்கும் அவ்வாறே பெயரிட்ட கற்கள் இருந்தன. ‘ஒக்கும்’ என்னும் அந்த ஒரு வினைச்சொல்லில், இன்றைய சரிபார்ப்புச் சான்றிதழின் சாரம் முழுவதும் அடங்கிவிடுகிறது. அளவுக்குப் பெயர் மட்டும் போதாது, அது எதனோடு ஒக்கும் என்றும் சொல்ல வேண்டும் என்பதை அக்கல்வெட்டை எழுதுவித்தவர்கள் அறிந்திருந்தார்கள்.

பெயர் ஏன் போதாது? முக்கூடல்காரர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. முக்கூடற்பள்ளு பாடப்பெற்ற முக்கூடல், தாமிரபரணியோடு சிற்றாறும் கோதண்டராம ஆறும் கூடுகின்ற, இன்றைய சீவலப்பேரிப் பகுதி. சேரன்மகாதேவிப் பக்கத்து முக்கூடல் வேறு. பெயர் ஒன்று, ஊர் இரண்டு. மரக்காலும் அப்படித்தான். சீமைக்குச் சீமை, சில இடங்களில் ஊருக்கு ஊர், மரக்காலின் கொள்ளளவு மாறியது. குத்தகை நெல்லை ஒரு மரக்காலால் அளந்து வாங்கி, கூலி நெல்லை வேறொரு மரக்காலால் அளந்து போட்டால் பெயரளவில் பொய்யில்லை. உழுதவன் வயிற்றளவில் பொய். அளவின் உண்மை அறிவியலாருக்கு மட்டும் உரிய கவலையன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

தஞ்சைப் பெரிய கோயில் இவ்வரலாற்றில் இன்னொரு முறையும் வருகிறது. அது சோழர் காலத்துக்கு எண்ணூறு ஆண்டுகள் பிற்பட்ட, 1808-ஆம் ஆண்டு நிகழ்ச்சி.

வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி 1802-இல் சென்னைப் பரங்கிமலைக்கருகே ஓர் ஆதாரக்கோட்டை அளந்து, பின்னாளில் பெரும் முக்கோணவியல் அளவை என்று பெயர்பெற்ற பணியைத் தொடங்கினார். நிலத்தில் ஒரு கோட்டை மட்டும் மிகக் கவனமாகச் சங்கிலி பிடித்து அளப்பது. அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றையோ கோபுரத்தையோ நோக்கிக் கோணங்களை அளப்பது. மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டுக் கொள்வது. அப்பக்கங்களின் மேல் அடுத்தடுத்த முக்கோணங்களை எழுப்பிக்கொண்டே போவது. இதுவே முறை. முதற்கோடு பிழைத்தால் எல்லாம் பிழைக்கும். கோணம் அளக்கும் கருவி பிழைத்தாலும் எல்லாம் பிழைக்கும்.

சங்கிலி நூறடி நீளம், இரண்டரை அடிக் கம்பிகள் நாற்பது கோத்தது, எஃகு. சென்னை வெயிலில் எஃகு நீளும். பத்துப் பாகை செல்சியஸ் வெப்பம் கூடினால் நூறடிச் சங்கிலி ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் நீளும். சிறு அளவுதான். ஆனால் அந்த ஆதாரக்கோடு ஏறத்தாழ ஏழரை மைல். கோடு நெடுக அதனைக் கூட்டினால் ஓர் ஆள் படுக்கும் நீளத்துக்குச் சற்றுக் குறைவான பிழை சேரும். ஆகையால் சங்கிலியை மரத்தொட்டிகளில் கிடத்தி, மேலே கூடாரம் விரித்து, வெப்பமானிகளைப் பக்கத்தில் வைத்து அளந்தார்கள். வேலைக்கு ஒரு சங்கிலி. அதனை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே இன்னொரு சங்கிலி. ஆடவல்லானும் இராஜகேசரியும் வேறு உருவில் வந்திருக்கிறார்கள் என்று நாம் கண்டுகொள்ளலாம்.

கோணம் அளக்க வந்த தியோடலைட் இலண்டனில் கேரி என்பவர் செய்தது. அதன் கிடைவட்டத்தின் விட்டம் மூன்றடி. மொத்த எடை அரை டன் அளவில். கப்பலில் வரும் வழியில் பிரெஞ்சுக்காரர் கையில் அகப்பட்டு மொரீசியசுக்குக் கொண்டுபோகப்பட்டு, அறிவியற் கருவி என்ற மதிப்பால் திருப்பி அனுப்பப்பட்டது என்பர். பகைவர் கையில் பிழைத்த கருவி தஞ்சையில் அடிபட்டது. மலையில்லாத காவிரிச் சமவெளியில் உயரமான இடம் கோயில் விமானமே. கருவியை அதன்மீது கயிறு கட்டி ஏற்றுகையில், சுவரில் மோதாமல் விலக்கிப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. கருவி கற்சுவரில் மோதி, அதன் வட்டம் உருக்குலைந்தது.

கருவியைச் செய்தவர் கப்பற்பயணத்தில் பல மாதத் தொலைவில் இருந்தார். லாம்டன் ஒரு கூடாரத்துக்குள் புகுந்துகொண்டார். கருவியைத் துண்டு துண்டாகப் பிரித்தார். பெரிய மரப்பலகையொன்றில் வட்டம் இருக்க வேண்டிய அளவைச் செதுக்கினார். நெளிந்த பித்தளை வட்டத்தை ஆப்புகளாலும் திருகுகளாலும் கப்பிகளாலும் சிறிது சிறிதாக இழுத்து அப்பலகை வட்டத்தோடு பொருத்தினார். வளைந்த ஆரக்கால்களைச் சிறு மரச்சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரங்களில் கருவி ஏறக்குறைய பழைய நிலைக்குத் திரும்பியது. இச்செய்தியை எழுதிவைத்தவர் லாம்டனுக்குப் பின் அப்பணியை ஏற்ற ஜார்ஜ் எவரெஸ்ட். கூடாரத்துக்குள் லாம்டனைத் தவிர நுழைய விடப்பட்டவர்கள் தலைமைக் கைவினைஞர்கள் மட்டுமே என்றும் அவர் குறித்திருக்கிறார். அக்கைவினைஞர்களின் பெயரை அவர் சொல்லவில்லை. ஆப்பின் மேல் எத்தனை வலுவில் அடிக்க வேண்டும் என்பது படை அதிகாரியின் கைக்குத் தெரிந்ததா, பித்தளையோடு வாழ்நாளைக் கழித்தவர்களின் கைக்குத் தெரிந்ததா என்ற வினாவை நாம் எழுப்பாமல் இருக்க இயலாது.

இவ்வாறு பழுதுபார்க்கப்பட்ட கருவியோடுதான் லாம்டன் 1809-இல் தாமிரபரணிச் சமவெளிக்கு வந்து சேர்ந்தார். எத்தகைய சமவெளி அது? கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டுப் பத்தாண்டு ஆகவில்லை. பாஞ்சாலங்குறிச்சி இரண்டாம் முறை வீழ்ந்து எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அதே 1809-இன் தொடக்கத்தில்தான் வேலுத்தம்பியின் கிளர்ச்சியை அடக்கக் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழிக் கோட்டை மதிலைத் தகர்த்துத் திருவிதாங்கூருக்குள் நுழைந்திருந்தது. வெடிமருந்தின் வாசனை தணிவதற்குள், கொடிக்கம்பங்களும் சங்கிலிகளுமாக இன்னொரு படை வந்தது. அளப்பவர் யாருக்காக அளக்கிறார் என்பதில் இவ்வூர் மக்களுக்கு ஐயம் இருந்திருக்க முடியாது. அந்த அளவையின் அரசியலை நாம் மறக்க வேண்டியதில்லை. அதன் நேர்மையையும் மறைக்க வேண்டியதில்லை.

அந்நேர்மை எதில் இருந்தது? பாளையங்கோட்டைக்கருகே லாம்டன் மீண்டும் ஒரு கோட்டைச் சங்கிலி பிடித்து நேராக அளந்தார். வடக்கேயுள்ள பழைய கோட்டிலிருந்து முக்கோணங்களின் வழியாகக் கணக்கிட்டால் இக்கோட்டின் நீளம் இவ்வளவு வர வேண்டும். தரையில் அளந்தால் எவ்வளவு வருகிறது? இரண்டும் ஒக்கின்றனவா? சரிபார்ப்புக்கோடு என்று அதற்குப் பெயர். தஞ்சையில் அடிபட்டு, ஆப்பாலும் சுத்தியலாலும் உருத்திரும்பிய ஒரு கருவி உண்மை பேசுகிறதா என்று கேட்பதற்குரிய இடமாக அவ்வாண்டு நம் நெல்லைச் சமவெளி அமைந்தது. அதன்பின் அவர் குமரிமுனைக்கருகே புன்னை என்னும் இடத்தில் வானத்து விண்மீன்களை நோக்கி அகலக்கோட்டை நிறுவினார். இந்தியாவின் பெரும் நெடுக்கு வில் என்று உலகம் சொல்லும் அளவையின் தென்முனை அதுவே. பூமியின் உருவத்தைக் கணிக்கப் பயன்பட்ட எண்களில் அவ்வாறு நம் பக்கத்து மண்ணும் இடம்பெற்றது.

ஆயினும் லாம்டனின் எண்களே இறுதியாக நின்றுவிடவில்லை. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின், இந்திய நில அளவைத் துறை அவருடைய தென்னாட்டு முக்கோணங்களைப் புதிய கருவிகளால் மறுபடியும் அளந்தது. 1868-69-இல் குமரிமுனைக்கருகே புதியதோர் ஆதாரக்கோடு போடப்பட்டது. இம்முறை சங்கிலி இல்லை. இரும்பும் பித்தளையும் வெப்பத்தில் வெவ்வேறு அளவில் நீளும் என்பதையே உத்தியாகக் கொண்டு, வெப்பம் மாறினாலும் நீளம் மாறாதபடி அமைத்த ஈருலோகச் சட்டங்கள். அச்சட்டங்களையும் நம்பிவிடாமல் மூலச்சட்டத்தோடு மீண்டும் மீண்டும் ஒப்பிட்டார்கள். முன்னோர் சொன்னதை மறுபடி அளந்து பார்ப்பது அத்துறையில் அவமதிப்பாகக் கருதப்படவில்லை, கடமையாகக் கருதப்பட்டது. நம் இலக்கிய ஆய்வுலகம் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

இவ்வரலாற்றில் பெயரோடு எஞ்சிய தமிழகத்துக் கைவினைஞர் ஒருவர் உண்டு. ஆர்க்காட்டைச் சேர்ந்த சையது மீர் மொஹ்சின் ஹுசைன். சென்னையில் நகை வணிகர் கடையொன்றில் வேலை பார்த்தவர். நுண்ணிய பொறிகளில் அவருக்கிருந்த கைத்திறனைக் கண்டு, 1823-இல் தலைமை நில அளவையராகப் பொறுப்பேற்ற வாலன்டைன் பிளாக்கர் அவரைக் கல்கத்தாவில் அளவைக் கருவிகளைப் பேணும் பணியில் சேர்த்தார். 1830-இல் எவரெஸ்ட் இங்கிலாந்திலிருந்து புதிய கருவிகளோடும், ஹென்றி பாரோ என்னும் கருவி வல்லுநரோடும் திரும்பிவந்தார். கருவிகள் உள்ள இடத்தில் கருவிப் பட்டறை வேண்டும் என்பது எவரெஸ்டின் உறுதி. தஞ்சையில் அடிபட்ட லாம்டனின் பழைய தியோடலைட்டும் அக்காலத்தில் பாரோவின் பட்டறையில் ஏறக்குறைய முற்றாகப் புதுப்பிக்கப்பட்டது.

பாரோ 1839-இல் விலகியபோது அவ்விடத்துக்கு எவரெஸ்ட் பரிந்துரைத்தது மொஹ்சின் ஹுசைனை. கருவிகளைப் பிரித்துச் சேர்ப்பதிலும், அவற்றின் குறையைக் கண்டுபிடிப்பதிலும், குறை தீரும்படி புதிய உறுப்புகளை வகுப்பதிலும் அவருக்கிருந்த திறனை எவரெஸ்ட் பலவாறு பாராட்டியிருக்கிறார். பாராட்டில் எளிதில் கை நீட்டாதவர் எவரெஸ்ட் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். ஆனால் இந்தியர் ஒருவரைக் கணிதக் கருவி வல்லுநர் என்னும் பதவியில் அமர்த்தக் கம்பெனியின் இயக்குநர்கள் எளிதில் இசையவில்லை. கடைசியில் 1843-இல் அப்பதவி அவருக்கு வாய்த்தது. எவரெஸ்ட் ஓய்வு பெற்றதும் அதே ஆண்டில்தான். எவரெஸ்டின் பெயர் பிற்காலத்தில் ஒரு சிகரத்துக்கு ஏறியது. கணக்கீட்டில் துணைநின்ற ராதாநாத் சிக்தாரின் பெயரை வங்காளம் காத்துவந்திருக்கிறது. ஆர்க்காட்டாரின் பெயரைத் தமிழகம் காத்ததாகத் தெரியவில்லை. கணக்கிடுபவரின் பிழையைத் தாளில் தேடிக் கண்டுபிடித்துவிடலாம்; கருவியில் உள்ள பிழையோ தாளுக்கு வரும்போதே உண்மையின் வேடத்தில் வரும். அதனை முன்னமே பிடிப்பவர் செய்த வேலை கண்ணுக்குத் தெரியாமற் போவது அவ்வேலையின் இயல்பு. தெரியாமற் போனதாலேயே மறக்கப்படுவது நம் குறை.

குன்றுகளின் உச்சிகளை இணைத்துச் சென்ற இந்த அளவைக்குச் சில பத்தாண்டுகள் பின்பு, நம் ஆறு பிறக்கும் மலையின் உச்சிக்கே கருவிகள் ஏறின. 1837-இல் சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடம் அமைந்தது. அதன் இயக்குநராக 1852-இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரவுன், 1855-இல் அகத்தியமலையின் உச்சியில், ஆறாயிரம் அடிக்கு மேல், காந்த ஊசியின் அசைவுகளையும் வானிலையையும் பதிவதற்கென ஒரு நிலையத்தை எழுப்பினார். தமிழ் முனிவரின் இருப்பிடம் என்று நாம் போற்றும் பொதிகையில், தமிழும் மலையாளமும் பேசும் பணியாளர்கள் யானைகள் நடமாடும் காட்டைக் கடந்து கருவிகளைத் தூக்கிச் சென்று, மழையிலும் மூடுபனியிலும் அவற்றைக் காத்த வரலாறு இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டியது.

மலைமேல் ஒரு கருவி, கீழே நகரில் ஒரு கருவி. இரண்டும் வெவ்வேறு எண்களைக் காட்டினால் வேறுபாடு மலைக்கும் நகருக்கும் உரியதா, கருவிக்கும் கருவிக்கும் உரியதா? காந்த ஊசி மெல்லிழையில் தொங்குவது. ஈரக்காற்றில் இழை முறுக்கேறினால் ஊசி திரும்பும். வெப்பத்தில் காந்தத்தின் வலிமை குறையும். கருவிகளை முதலில் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அவற்றின் குணக்கேடுகளை எண்ணாக எழுதிவைத்துக்கொண்டால்தான் மலை என்ன சொல்கிறது என்பது கேட்கும். திருவனந்தபுரத்திலும் அகத்தியமலையிலும் எடுத்த இவ்வளவீடுகளைப் பிரவுன் 1874-இல் இலண்டனில் பெருநூலாக வெளியிட்டார். நிலக்காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்வதால் இப்பகுதிக்கு அறிவியலில் தனியிடம் உண்டு. தும்பாவிலிருந்து 1963-இல் முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டதற்கும், திருநெல்வேலிக்கருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஓர் ஆய்வகத்தை நடத்துவதற்கும் அதுவே காரணம். அங்கே வானத்தின் உயரடுக்குகளில் ஓடும் மின்னோட்டத்தைக் கருவிகள் இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. வெண்கலத்தில் வடித்தாற்போன்ற சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற கிருஷ்ணாபுரம் இப்படியும் அறியப்பட வேண்டும்.

அரசுகள் மாறின. ‘ஒக்கும்’ என்று சொல்வதற்கு இராஜகேசரி இல்லை. இலண்டனில் உள்ள மூலச்சட்டத்தைச் சார்ந்திருக்கவும் விடுதலை பெற்ற நாடு விரும்பவில்லை. 1947 சனவரியில் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். 1950 சனவரியில் சர்தார் படேல் அதனைத் திறந்துவைத்தார். அதன் முதல் இயக்குநர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். அவர் 1898-இல் வத்திராயிருப்பில் பிறந்தபோது அவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1910-க்குப் பிறகே அப்பகுதி இராமநாதபுரம் மாவட்டத்தோடு சேர்ந்தது. இராமனோடு இணைந்து 1928-இல் ஒளிச்சிதறல் ஆய்வில் ஈடுபட்டவர் என்றே அவரை உலகம் அறியும். தாக்காவில் பணியாற்றிய காலத்தில் அவர் செய்த இன்னொரு வேலையை இங்கே நினைவுகூர வேண்டும். சிறு படிகம் ஒன்றை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அது எவ்வளவு முறுகுகிறது என்பதிலிருந்து படிகத்தின் உட்குணத்தை அளந்தார். பொதிகையில் இழையில் தொங்கிய ஊசிக்கும் தாக்காவில் இழையில் தொங்கிய படிகத்துக்கும் இடையே உறவு உண்டு. இரண்டிலும் அளப்பவர் முதலில் இழையை அறிந்தாக வேண்டும்.

கிருஷ்ணன் 1961-இல் மறையும்வரை அவ்வாய்வகத்தை நடத்தினார். தமிழில் தோய்ந்தவர், அறிவியலைத் தமிழில் எழுதலாம் என்று காட்டியவர். அவர் காலத்தில்தான், 1956-இல் எடை அளவுச் சட்டம் வந்து, சேரும் வீசையும் படியும் மரக்காலும் மெல்ல விலகி, கிலோகிராமும் லிட்டரும் சந்தைக்கு வந்தன. இந்தியாவின் மூலக் கிலோகிராம், ஐம்பத்தேழாம் எண்ணிட்ட உலோக உருளை, அவ்வாய்வகத்தின் காவலில் இருப்பது. 2019 மே 20 முதல் உலகம் கிலோகிராமை உருளையால் வரையறுப்பதை விட்டு, இயற்கையின் மாறிலி ஒன்றால் வரையறுக்கிறது. நொடியோ 1967 முதற்கொண்டே சீசியம் அணுவின் துடிப்பால் வரையறுக்கப்பட்டது. மூலத்திலும் மூலம் தேடும் பயணம் ஓய்வதில்லை.

தொடக்கத்தில் கண்ட அலைவுகாட்டி இச்சங்கிலியின் கீழ்க்கண்ணி. 1897-இல் ஜெர்மனியில் பெர்டினாண்ட் பிரவுன் எதிர்மின்கதிர்க் குழாயை அமைத்தபோது, அது மின்அலையின் உருவத்தைக் காட்டும் வியப்பாகவே இருந்தது. நெடுங்காலம் அது அலையின் வடிவை மட்டும் சொன்னது. அளவைச் சொல்வதில் தடுமாறியது. 1946-இல் அமெரிக்காவில் தோன்றிய டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் அடுத்த ஆண்டு வெளியிட்ட கருவி, காலத்தையும் மின்னழுத்தத்தையும் எண்ணாகப் படிக்க வழிசெய்தவற்றுள் முன்னோடி. படம் காட்டுவது, அளந்து சொல்வதாக மாறிய அந்த நொடியிலிருந்து அதற்குச் சரிபார்ப்பவர் தேவைப்பட்டார். நம் பக்கத்தில் அத்தேவையை நிறைவேற்ற, மத்திய மின்னணுத் துறையின் சோதனைக்கூடங்கள் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் அமைந்தன. அங்குள்ள கருவிகள் டெல்லி ஆய்வகத்தின் மூல அளவுகளோடு ஒப்பிடப்பட்டவை. திருநெல்வேலியின் ஓர் ஆய்வுக்கூடத்து அலைவுகாட்டி அவ்வழியே வத்திராயிருப்புக்காரர் வளர்த்த மூலத்தைச் சென்று சேரலாம்.

பழைய அலைவுகாட்டிகளைப் பழுதுபார்ப்பவர்கள், உறையைக் கழற்றி, சிறு திருகுகளை ஒவ்வொன்றாகத் திருகித் திரையில் சதுர அலையின் மூலை மழுங்காமல் நிற்கும்வரை காத்திருப்பார்கள். ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று மாறும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இன்றைய எண்முறைக் கருவிகளில் திருகுகள் குறைந்துவிட்டன. திருத்த எண்கள் நினைவகத்தில் எழுதப்படுகின்றன. சில திருத்தங்களைக் கருவி தானே செய்துகொள்கிறது. தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் கருவியும் தன்னைத் தானே சான்றளித்துக்கொள்ள முடியாது. வெளியிலிருந்து ஒருவர் வந்து ஒப்பிட்டாக வேண்டும். சென்னைக்கோ திருவனந்தபுரத்துக்கோ கருவியை அனுப்பிச் சரிபார்க்கச் செலவாகும். கல்வி நிறுவனங்கள் சிக்கனம் பிடிக்கும்போது இச்செலவுதான் முதலில் வெட்டப்படும். ஏனெனில் வெட்டினாலும் மறுநாள் எதுவும் குறைவதாகத் தெரியாது. கோடு முன்போலவே அழகாக ஓடிக்கொண்டிருக்கும். மாணவர்கள் தவறான எண்ணைத் துல்லியமாக எழுதிக்கொண்டிருப்பார்கள்.

நம் வரலாற்று நூல்களிலும் இத்தகைய சிக்கனம் ஒன்று உண்டு. கோயிலைக் கட்டிய அரசனுக்கு இடமுண்டு. மலையை அளந்த அதிகாரிக்கு இடமுண்டு. ஆய்வகத்தைத் திறந்துவைத்த தலைவருக்கும் இடமுண்டு. ஆடவல்லானையும் இராஜகேசரியையும் அருகருகே வைத்து நெல்லை நிரப்பி மட்டம் தட்டிப் பார்த்தவர், தஞ்சைக் கூடாரத்துக்குள் ஆப்பைப் பிடித்தவர், பொதிகைப் பனியில் இழையைக் காத்தவர் ஆகியோரை வெட்டிவிட்டாலும் கதை குறைவின்றி ஓடுவது போலவே தோன்றுகிறது. உண்மையில் அவர்கள் ஒப்பிட்டுச் சொன்ன சொல்லின்மேல்தான் மற்றவர்களின் எண்கள் நிற்கின்றன. தமிழக அறிவியல் வரலாற்றை எழுதப் புகுவோர் ஆர்க்காட்டு மீர் மொஹ்சின் ஹுசைனிலிருந்து தொடங்கினாலும் தகும். கண்டுபிடித்தவர்களின் பட்டியல் நம்மிடம் நிரம்ப இருக்கிறது. அவை ஒக்கும் என்று சொன்னவர்களின் பட்டியலை இனிமேல்தான் எழுத வேண்டும்.